விரதம் இருந்த ரோஸ்மேரி

அடிலெய்டில் போய் இறங்கிய முதல் வாரம், பக்கத்து வீட்டு பீட்டர் வேலிக்கு மேலே கையை நீட்டி ஒரு கொத்துத் தழை கொடுத்தார். ஊசி ஊசியாக இலை, கற்பூரம் கலந்தாற்போல் ஒரு வாசம். மரிக்கொழுந்துக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருந்தது. பூவுக்குத் தவித்துப்போய்க் கிடந்த எனக்கு வேறென்ன தோன்றும்? பாதியை மீனாட்சியம்மன் படத்துக்கு வைத்துவிட்டு மீதியைத் தலையில் செருகிக்கொண்டேன். மறுநாள் அவர், உருளைக்கிழங்கோடு சேர்த்துச் சுட்டீர்களா என்று கேட்டார். நான் எட்டாம் வகுப்பு இங்கிலீஷில், வீட்டில் இருக்கிற அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். என்னைப் பெற்ற அம்மாவைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். "அவங்களுக்குப் பிடித்ததா?" என்றார். "ரொம்ப" என்றேன். அதில் பொய் இல்லை.

அதுதான் ரோஸ்மேரி என்று என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். அந்தக் கொத்திலேயே ஒரு குச்சியை எடுத்துப் பதியம் வைத்தார். ரொட்டிக் கம்பெனியில் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வருகிற மனுஷன், காலில் செருப்பைக் கழற்றுமுன் அந்தச் செடியைத்தான் தடவுவார். பன்னிரண்டு வருஷத்தில் அது இடுப்பு உயரம் வளர்ந்தது. எங்கள் மகளும் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் ஆகி, தனிக் குடித்தனம் போனாள். அவர் வேலையிலிருந்து நின்றதும் நான் சொன்னேன், சமயநல்லூர் வீடு பூட்டியே கிடக்கிறது, போய்விடலாம் என்று. அம்மனை நேரில் பார்க்காமல் படத்தைப் பார்த்தே கும்பிட்டது போதும் என்றிருந்தது எனக்கு.

அவருக்கு மனசில்லை. ஊரில் தெரிந்தவர்கள் பாதிப்பேர் இல்லை, வெயில் ஆகாது என்று இழுத்தார். கடைசியில், "இந்தச் செடி நம்ம ஊருல ஒரு சித்திரையத் தாங்கட்டும். தாங்கிருச்சுன்னா நானும் வாரேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசியில் தனியாகவே டிக்கெட் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

செடியை விமானத்தில் கொண்டுவர முடியாது. ஊட்டிப் பக்கமிருந்து சரக்கு வரும் ஒரு நர்சரியில் சின்னச் செடியாக ஒன்று வாங்கினேன். குளிரில் வளர்ந்தது நம்ம வெயிலுக்கு நிற்காது, இங்கேயே வேர் விட்டதுதான் தாங்கும் என்றார் அவர். அவர் வீடியோவில் சொல்லச் சொல்ல, மரம்போல் முற்றிய தண்டை விட்டுவிட்டு, விரல் நீளத்துக்கு நுனியாக ஒன்பது குச்சிகள் வெட்டினேன். கணுவுக்குக் கீழே வெட்டு. அடி இலைகளை உருவிவிட்டு, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த தொட்டியில் நட்டேன். தொட்டியைத் துளசி மாடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். நல்ல இடம் என்று நினைத்தேன். காலையில் குளித்து முடித்து, துளசிக்கு ஒரு சொம்பு ஊற்றும்போது இதற்கும் ஒரு சொம்பு. நான் கோயிலுக்குப் போய்விட்டால், அடுத்த வீட்டில் இருக்கும் அண்ணன் மனைவி, என் மதினி, வந்து ஊற்றுவாள். சில நாள் இரண்டு பேருமே ஊற்றியிருக்கிறோம். மூன்று வாரத்தில் ஒன்பதும் அடி கறுத்து அழுகிப்போயின.

போனில் காட்டினேன். அவர் சிரித்தார்.

"தெனமுமா ஊத்துன? அது என்ன துளசியா? வேருல ஈரம் நின்னா செத்துப்போகும் செல்வி."

"வாடுன மாதிரி தெரிஞ்சுச்சுங்க. ஒரு உசுர வச்சுக்கிட்டு தண்ணி குடுக்காம இருக்க எனக்கு வரல."

"அப்ப விட்ரு. நீயும் திரும்பி வந்துரு, ரெண்டு பேரும் இங்கனயே கெடப்போம்."

அந்தச் சொல் என்னை அன்று சாப்பிட விடவில்லை. செவ்வாய்க்கிழமை வேறு, எப்படியும் ஒருபொழுதுதான். பசியோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எனக்குத் தண்ணீரை நிறுத்தத் தெரியாது. ஆனால் விரதம் தெரியும். நர்சரிச் செடியில் மிச்சமிருந்த நுனிகளில் நான்கு குச்சிகளை வெட்டி, புது மண்தொட்டியில் வைத்து, அம்மன் பேரைச் சொல்லி அதற்கு விரதம் கட்டிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தண்ணீர். அதுவும் விரலை விட்டுப் பார்த்து, மணல் காய்ந்திருந்தால்தான்.

மதினி சொம்போடு வந்து நின்றாள்.

"பாவம்டி, நாக்கு வறண்டு கெடக்கு. ஒரு வாய் ஊத்துறேன்."

"அது விரதம் மதினி."

"செடிக்கு எதுக்குடி விரதம்?"

"ஒங்க நாத்தனா புருசன் ஊர் வந்து சேரணும்னு."

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டாள். "அத மொதல்லயே சொல்லக் கூடாதா? அம்புட்டுத் தண்ணியும் வீணாப் போச்சே" என்றாள். அதற்குப் பிறகு தன் வீட்டு ஆட்களைக்கூட அந்தப் பக்கம் சொம்போடு விடவில்லை. நான்கில் இரண்டு பிழைத்தன. லேசாக இழுத்துப் பார்த்தபோது, வரமாட்டேன் என்று மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றன.

பங்குனியில் ஒன்று கருகியது. மிச்சமிருந்த ஒன்றைக் காலை வெயிலில் வைத்து, பதினோரு மணிக்கெல்லாம் வேப்பமர நிழலுக்குத் தூக்கிப்போனேன். சித்திரை முழுக்க அதுவே வேலை. கத்திரி வெயில் முடிந்ததும் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு, "நுனியக் கிள்ளி விடு, பக்கத்துல கிளை வெடிக்கும்" என்று மட்டும் வந்தது. மறுநாள் டிக்கெட் போட்டதைச் சொன்னார். வைகாசியில் வந்து இறங்கினார். அம்மன் பேரில் கட்டிய விரதம் வீணாகாது.

ஆனால் அவள் கணக்கு நமக்குத் தெரியுமா? ஆடியில் மகளுக்குப் பிரசவம். நான் போயாக வேண்டும். "நீங்களும் வாங்களேன்" என்றேன். "செடிய யாரு பாக்குறது? ஒன் மதினி கையில குடுத்தா முக்கிருவா" என்றார். வரமாட்டேன் என்றவர் ஊரில் தங்க, வந்தே தீருவேன் என்றவள் கிளம்பினேன். மகளுக்குக் காட்டவென்று, ஒரு கிளைதானே என்று கிள்ளி ஈரத்துணியில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்தார்.

அடிலெய்டு விமான நிலையத்துப் படிவத்தில், செடி ஏதும் கொண்டுவருகிறீர்களா என்று கேட்டிருந்தது. பொய் எழுதக் கை வரவில்லை. அங்கே சோதனைக்கு நின்ற பெண் அதிகாரி துணியைப் பிரித்து முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ரோஸ்மேரிதானே? வெளியே தெருவெல்லாம் இருக்கிறதே" என்றாள். ஆமாம் என்றேன். இது சமயநல்லூரில் வேர் பிடித்தது என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. வெளிநாட்டுச் செடியை உள்ளே விட அனுமதி இல்லை என்று அவள் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். சாமி மாலையை ஆற்றில் விடும்போது கும்பிடுவதுபோல் அந்தத் தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். நிறைவயிற்றோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். பின்னால், வெட்டிவிட்ட வேலியாக ரோஸ்மேரி நீலமாய்ப் பூத்துக் கிடந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். சமயநல்லூரில் வெயில் ஏறும் நேரம். அவர் தொட்டியைத் தூக்கி நிழலில் வைத்திருப்பார்.