ஒரு கரண்டி சாக்கடை

எங்க வீட்டு குளியல் தொட்டியில இதுவரைக்கும் யாரும் குளிச்சது கிடையாது. அதுல எங்க அண்ணி சாக்கடை கரைப்பாங்க. காலையில பல் தேய்க்கலாம்னு கதவைத் திறந்தா, தொட்டி நிறைய கரும்பச்சையா ஒண்ணு கொழகொழன்னு கிடக்கும். மேல புழு மிதக்கும். நிஜப் புழு இல்ல, வேகவச்ச சேமியா. அது தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? வயித்துக்குத் தெரிய வேண்டாமா? நான் பிரஷ்ஷோட வெளியே ஓடி, வாசல் குழாய்ல வாயைக் கொப்பளிச்சுட்டு வேலைக்குப் போவேன்.

அண்ணின்னா என் கூடப்பிறந்த அண்ணனோட பெண்டாட்டி. சினிமாவுக்கு அசிங்கம் செஞ்சு கொடுக்கிறதுதான் அவங்க தொழில். புண்ணு, சீழ், வாந்தி, சகதி, சாக்கடை... திரையில எதைப் பார்த்து நீங்க முகத்தைத் திருப்பிக்கிறீங்களோ, அதெல்லாம் எங்க வீட்டுல பொறந்ததா இருக்கும். ஷூட்டிங்ல எல்லாருக்கும் அவங்க சகதியக்கா. அண்ணன் அங்க லைட் ஏத்துற வண்டி ஓட்டுறவன். ஒரு நாள் அவன் சட்டையில இவங்க ஒரு வாளி தக்காளி வாந்தியைக் கொட்டிட்டாங்களாம், அதுல ஆரம்பிச்ச காதலாம். கேட்டா எங்க போய் முட்டிக்கிறது சொல்லுங்க!

இன்னொரு கூத்து, அண்ணிக்கு வாசனையே தெரியாது. சின்ன வயசுல, ஜன்னல் இல்லாத ஒரு கொட்டகையில புண்ணு செய்யுறதுக்கு ரப்பரைக் காய்ச்சிக் காய்ச்சி மூக்கு செத்துப்போச்சு. அடுப்புல பால் தீய்ஞ்சு வீடே புகைமூட்டமா கிடக்கும், இவங்க பக்கத்துலயே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருப்பாங்க. எனக்கு நேர்மாறு. அடுத்த தெருவுல எவன் வீட்டுல எலி செத்தாலும் எனக்குத் தெரியும். அதனால அண்ணி எனக்கு வச்ச பேரு மூக்கு. "மூக்கு, இங்க வா. இது கெட்டுப்போச்சா பாரு"ன்னு தினம் ஒரு டப்பாவை என் முகத்துக்கு நேரா நீட்டுவாங்க. இந்த ஜென்மத்துக்கு இதுதான் வேலைன்னு தலையில எழுதியிருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும். அண்ணி கரைக்கிற சாக்கடை நாறவே நாறாது. கறுத்துப்போன வாழைப்பழம், கோக்கோ, சோளமாவுக் கஞ்சி, சர்க்கரைப் பாகு, ஊறவச்ச சப்ஜா விதை, அவ்வளவுதான். எல்லாம் சாப்பிடுற பொருள். முன்னாடி ஒரு படத்துல வேற யாரோ பெயின்ட்டையும் எண்ணெயையும் கலந்து சேறு செஞ்சு, அதுல புரண்ட நடிகைக்கு நாக்கு வீங்கி, ஒரு மாசம் பேச்சே வரலையாம். அதைப் பார்த்ததுல இருந்து அண்ணிக்கு ஒரு சட்டம். யார் இறங்குறதா இருந்தாலும் சரி, அதுக்கு முன்னாடி அத்தனை பேர் பார்க்க ஒரு கரண்டி மொண்டு இவங்க முழுங்கணும். நாக்குல வச்சுத் துப்புறது இல்ல, முழுங்கணும். "இன்னொருத்தன் வாய்க்குள்ள போறது முதல்ல என் வாய்க்குள்ள போகட்டும்"பாங்க. அதுக்குன்னே நீளக் கைப்பிடி வச்ச ஒரு எவர்சில்வர் கரண்டி. அந்தக் கரண்டியை எங்க சமையலறைப் பக்கம் கொண்டுவரக் கூடாதுன்னு நான் போட்டது இன்னொரு சட்டம்.

போன வருஷம் ஒரு பெரிய படம். ஹீரோ மலக்குழிக்குள்ள முங்கி, வாயைப் பிளந்துக்கிட்டு மேல வந்து, வாயில இருக்கிறதைத் துப்பிட்டு ஒரு கர்ஜனை விடணும். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே செஞ்சுடலாமேன்னு டைரக்டர் கேட்டாராம். கிராபிக்ஸ் பண்ற பையன் கையெடுத்துக் கும்பிட்டுட்டான். "வெள்ளம் கேளுங்க, கடல் கேளுங்க, தர்றேன் சார். கண் இமையில ஒட்டிக்கிட்டு வழியுற கொழகொழப்பை மட்டும் கேட்காதீங்க. பொம்மை மாதிரி இருக்கும்"னான். அப்புறம் என்ன, எங்க வீட்டுத் தொட்டிதான். கஞ்சி ஷூட்டிங் லைட்டோட சூட்டுல திரிஞ்சுபோச்சு. பாகைக் கூட்டினா ஈ மொய்ச்சுது. குமிழி வரணும்னு அண்ணன் சைக்கிள் பம்பை அடியில வச்சு அடிச்சுக்கிட்டே இருந்தான். ப்ளக் ப்ளக்குன்னு அந்தச் சத்தம் இருக்கே, உவ்வே! ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல.

ஹீரோ குழி ஓரம் வரைக்கும்தான் வருவாராம். முங்கி வாயைத் திறக்கிறது அவரோட டூப், முகம் பூரா சகதியா இருக்கிறதால ஆள் தெரியாது. தண்ணிக்குள்ள மூச்சை அடக்குறதுல கெட்டிக்காரன்கிறதால அவனுக்குத் தவளைன்னு பேரு. ரெண்டு குழந்தைக்கு அப்பன், இதை விட்டா வேற வேலை தெரியாதவன்.

ஷூட்டிங் அன்னிக்கு நானும் போனேன். எதுக்குப் பொய், ஹீரோவைக் கிட்டத்துல பார்க்கணும்னு ஆசை. கடையில லீவு சொல்லிட்டு, நல்ல புடவையைக் கட்டிக்கிட்டுப் போய் நின்னேன். ஹீரோ கேரவன்ல இருந்தார். முந்தின நாளே அண்ணி கரைச்சு ரொப்பி வச்சிருந்த குழியைச் சுத்திக் கூட்டம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க.

எனக்கு அப்பவே குமட்டிட்டு வந்துச்சு. "அண்ணி, இது நாறுது"ன்னேன்.

ப்ரொடக்‌ஷன் மேனேஜர் சிரிச்சுக்கிட்டே வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துல செயின், சந்தன சென்ட்டு வேற. "டைரக்டர்தான் நடிப்பு வரணும்னு கொஞ்சம் அழுகின முட்டை போடச் சொன்னார் அக்கா. நீங்க உங்க கரண்டி வேலையை முடிங்க. ஹீரோ தேதி கொடுத்திருக்கிறது இன்னிக்கு ஒரு நாள்தான்."

"முட்டை நாத்தம் எனக்குத் தெரியாதா? அண்ணி, இருங்க, இருங்க!" நான் கூட்டத்தை இடிச்சுத் தள்ளிட்டுப் போறதுக்குள்ள அண்ணி மொண்டு வாயில போட்டு, பழக்கத்துல முழுங்கியும் தொலைச்சுட்டாங்க.

அவங்க முகத்தை இன்னிக்கும் என்னால மறக்க முடியல. நாக்கால ஒரு தடவை உதட்டைத் தடவிப் பார்த்தாங்க. "இனிப்பே இல்லையே"ன்னாங்க. அப்புறம், "மண்ணு நறநறங்குது. சோப்பு கரிக்குது."

விஷயம் என்னன்னா, ராத்திரி குழியில எங்கயோ விரிசல் விட்டு முக்கால்வாசி வடிஞ்சுபோச்சு. திரும்பக் கரைக்க ஒரு நாள் ஆகும். மேனேஜர் என்ன பண்ணினார் தெரியுமா? சாக்கடை அள்ளுற லாரியைக் கூப்பிட்டு, குழியை ரொப்பிட்டார். வாயைத் திறந்து சொல்லவும் சொன்னார்: "உங்க சரக்கும் இதுவும் ஒரே கலர்தானே அக்கா, கேமராவுக்கு என்ன தெரியப்போகுது? நீங்களும் முழுங்கிட்டீங்க, ஒண்ணும் ஆகலையே?"

த்தூ! சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்குறானா இவன்?

அண்ணி ஓரமாப் போய் தொண்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்தாங்க. வரல. வாயைக் கழுவிட்டு வந்து, குழிக்குள்ள இறங்குற ஒரே ஏணி மேல குறுக்க உட்கார்ந்துட்டாங்க. "யாரும் இறங்கக் கூடாது."

தவளை கோவணமும் மேக்கப் பூச்சுமா நிக்கிறான். "அக்கா, விட்டுடுங்க. நான் வாயை மூடிக்கிட்டே வர்றேன். இன்னிக்கு இறங்கலேன்னா இனிமே கூப்பிட மாட்டாங்க."

"வாயைத் திறக்கிறதுதான் ஷாட்டே. நீ பேசாம நில்லு தம்பி."

அப்புறம் அதே கரண்டியில மொண்டு மேனேஜர்கிட்ட நீட்டினாங்க. "ஒண்ணும் ஆகாதுன்னீங்களே சார். ஒரு கரண்டி." அந்த ஆள் ரெண்டு அடி பின்னால போனார். டைரக்டர்கிட்ட நீட்டினாங்க. அவர் போன் பேசுற மாதிரி திரும்பிக்கிட்டார். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருட்டுதான்! நம்ம ஹீரோ கேரவன் கதவை லேசாத் திறந்து எட்டிப் பார்த்தார். ஏதாவது நியாயம் கேட்பார்னு நினைச்சேன். "என் செருப்புல எதுவும் படலையே?"ன்னு கேட்டுட்டு கதவைச் சாத்திக்கிட்டார்.

போயும் போயும் இதுக்கா நான் நல்ல புடவை கட்டிட்டு வந்தேன்?

அண்ணி சண்டை போடல. நானா இருந்தா அந்தக் கரண்டியாலேயே மேனேஜர் மண்டையில போட்டிருப்பேன். அவங்க கிராபிக்ஸ் பையனைக் கூப்பிட்டாங்க. "தம்பி, குழியை ஆளே இல்லாம ஒரு தடவை எடுத்துக்கலாம். என்கிட்ட ரெண்டு டிரம் நல்ல சரக்கு மிச்சம் இருக்கு. தண்ணி டேங்கைப் பாதியா அறுத்து அதுல ஊத்தி, தவளையை அதுல முக்கி எடுப்போம். ரெண்டையும் ஒட்டிடுவியா?"

"விளிம்புக்குப் பச்சை பெயின்ட் அடிச்சுக் கொடுங்கக்கா, கம்ப்யூட்டர்ல விளிம்பைத் தூக்கிடுவேன். ஆனா சின்னத் தொட்டியில அலை சுவத்துல இடிச்சுத் திரும்பி வருமே. பெரிய குழியில அப்படி வராது. பார்க்கிறவன் கண்டுபிடிச்சுடுவான்."

அண்ணி சுத்தி முத்தியும் பார்த்தாங்க. ஹீரோ உட்காருற நாற்காலி கண்ணுல பட்டுச்சு. நேராப் போய் அதோட மெத்தையைக் கிழிச்சு, பஞ்சை எடுத்து தொட்டிக்குள்ள சுத்திச் சொருகினாங்க. கையால தட்டிப் பார்த்தாங்க. அலை ஓரத்துக்குப் போய் அங்கேயே அடங்கிடுச்சு. அந்தப் பையன் கைதட்டினான். டேங்க்ல ஊத்தினதுல இன்னொரு கரண்டி முழுங்கினாங்க. "ம், இனிப்பு இருக்கு. இறங்கு." தவளை முங்கி எழுந்தான், வாயைப் பிளந்தான், துப்பினான். ஒரே டேக்.

சாயங்காலம் வண்டியில வரும்போதே அண்ணிக்கு ஆரம்பிச்சுடுச்சு. மேலயும் கீழேயும். அதை நான் விவரமாச் சொல்ல மாட்டேன், ஆனா சுத்தம் பண்ணினது நான்தான். ஆஸ்பத்திரியில கட்டிலோட கட்டிலா, கண்ணு உள்ள போய், கை முருங்கைக் குச்சியா ஆகிக் கிடந்தாங்க. ரெண்டாம் நாள் டாக்டர் அண்ணனைத் தனியாக் கூப்பிட்டு எதுக்கும் தைரியமா இருங்கன்னார். அண்ணன் வராந்தாவுல சுவத்தைப் பார்த்து நின்னுக்கிட்டு அழுதான். மேனேஜர் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கல. தவளை மட்டும் பெண்டாட்டியோட தினம் வந்து கால்மாட்டுல நின்னுட்டுப் போவான். எப்படியோ கெட்டி உயிரு, பிழைச்சு வந்தாங்க.

படம் வந்துச்சு. டிவியில ஹீரோ பேட்டி. நான்தான் போட்டேன், எனக்குப் புத்தி இல்ல. "டூப்பா? சேச்சே! அது அத்தனையும் நிஜ சாக்கடை. நானே இறங்கினேன். ஒரு வாய் உள்ளேயே போயிடுச்சு. கலைக்காக எதையும் முழுங்கலாம்"னு கண் கலங்குறார். கேள்வி கேட்ட பொண்ணு எழுந்து நின்னு கை தட்டுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவனைப் பார்த்திருக்கேன், இவன் தோட்டத்தையே மறைக்கிறான்! செருப்பை எடுத்து டிவி மேல வீசினேன். அண்ணி கஞ்சியை ஆத்திக்கிட்டே, "அவன் வாயி, அவன் பேசுறான். நீ எதுக்கு டிவியை உடைக்கிற?"ன்னாங்க.

போன மாசம் அதே மேனேஜர் போன் பண்ணினார். அடுத்த படமாம், அதைவிடப் பெரிய சகதியாம். வெட்கம் மானம் எதுவும் கிடையாது. நான் போனைப் பிடுங்கப் போனேன், அண்ணி கையைத் தட்டிவிட்டாங்க. "வர்றேன் சார். ஒரே ஒரு கண்டிஷன். இனிமே முதல் கரண்டி உங்களுக்கு. ரெண்டாவதுதான் எனக்கு."

அதைப் பார்க்க நான் மறுபடியும் லீவு போட்டேன். இந்தத் தடவை பழைய புடவைதான். தொட்டி நிறைய அண்ணி கையால கரைச்ச சரக்கு. முதல்நாள் சாயங்காலத்துல இருந்து அண்ணன் காவலுக்கு உட்கார்ந்திருந்தான், ஒரு ஈ காக்கா கிட்ட வரல. நான் குனிஞ்சு மோந்து பார்த்தேன், வாழைப்பழமும் கோக்கோவும் கமகமன்னு இருந்துச்சு. தவளை தயாரா நின்னான். அத்தனை பேர் பார்க்க அண்ணி கரண்டியை நீட்டினாங்க. மேனேஜர் நாலு பக்கமும் பார்த்தார், வேற வழி இல்ல, கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினார். முழுங்கின வேகத்துல, வெள்ளைச் சட்டை, செயின் எல்லாம் நனைய, குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தார்.

அண்ணி கரண்டியைக் கழுவினாங்க. மொண்டு ஒரு வாய் முழுங்கினாங்க.

"இறங்கு தம்பி. நல்ல இனிப்பா இருக்கு."