ஜீப்புக்குத் தெளித்த தண்ணீர்

எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் அலைதடுப்புச் சுவருக்குக் கல் உடைத்த குவாரி ஒன்றில் நான் கம்ப்ரசர் ஓட்டினேன். அதன் காற்றில்தான் பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் ஓடும். துளைப்பவர்கள் சாயங்காலம் இறங்கி வரும்போது புருவமும் மீசையும் எச்சிலும்கூட வெளுத்திருக்கும்.

துளையில் தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்தால் தூசி எழும்பாது. எங்கள் இன்ஜினியருக்கும் அது தெரியும். தினமும் தண்ணீர் லாரி வரத்தான் செய்தது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குவாரி வாசலிலிருந்து அவர் அறைவரை பாதையில் தெளிப்பார்கள். ஜீப்பில் வரும்போது அவர் வெள்ளைச் சட்டையில் தூசி படக்கூடாதாம். மிச்சமிருந்தால் அறைவாசல் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு. பட்டம் வாங்கிய மனிதர்! சட்டைக்குக் கொடுத்த மரியாதையை எங்கள் நெஞ்சுக்குக் கொடுக்கவில்லை.

துளைப்பவர்களில் ஒருவர் திரேஸ்புரத்துக்காரர். முத்துக்குளிப்பு நின்றபின் சங்கு குளித்தவர். வருஷம் முழுக்க வேலை இருக்கும் என்று குவாரிக்கு வந்தார். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் துளைக்குத் தண்ணீர் கேட்டபோது மேஸ்திரி பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான்.

“மூச்சடக்குறதுதானே ஒன் தொழிலு? அடக்கிக்கிட்டுத் துளை போடுலே.”

அதே தூசியைத் தின்றவன்தான் அவனும். இன்ஜினியரைவிட அவனை நினைத்தால்தான் எனக்கு இன்றும் அருவருப்பு.

ஈஸ்டர் லீவில் அண்ணன் பழைய கூட்டாளிகளோடு சங்கு குளிக்கப் போய்விட்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

“ஏலே, தரையத் தொட முடியல. பாதியிலயே நெஞ்சு அடைக்கி. வள்ளத்துல நின்னவனுவ சிரிக்கானுவ.”

குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை நாலைந்து பேர் சேர்ந்து, சக்கரம் வைத்த கம்ப்ரசரைத் தள்ளி, பாதைக்குக் குறுக்கே நிறுத்தினோம். லாரி நின்றது. பாறைப் பக்கம் திருப்பச் சொன்னோம். டிரைவர் அண்ணாச்சி சிரித்தார்.

“எனக்கென்னடே, தண்ணி காலியானாச் சரி.”

கம்ப்ரசரைப் பழைய இடத்துக்கே தள்ளி ஓட்டினேன். அன்றுதான் முதல்முறையாக ஈரத்தில் துளைத்தார்கள். தூசிக்குப் பதில் சாம்பல் நிறச் சேறு வழிந்தது.

காய்ந்த பாதையில் ஜீப் வந்தது. இன்ஜினியர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, இருமிக்கொண்டே இறங்கினார்.

“என்னய்யா இது! இந்தத் தூசியில மனுஷன் இருக்க முடியுமா?”

அண்ணன் இயந்திரத்தைக் கீழே வைத்தார். “அதத்தான் சார் நாங்களும் கேக்கோம்.”

சத்தியமாக இன்ஜினியருக்குப் புரியவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு அண்ணனை வெளியே அனுப்பச் சொன்னார். உடனே எல்லாரும் இயந்திரத்தைக் கீழே போட்டார்கள். நான் கம்ப்ரசரை நிறுத்தினேன். கல் போகாவிட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அது மட்டும் அவருக்குச் சட்டென்று புரிந்தது. அண்ணனை வேலையில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் பாறையருகே ஒரு தண்ணீர்த் தொட்டியும் ரப்பர் குழாய்களும் வந்து சேர்ந்தன. அவ்வளவுதான் வேலை! அதற்குத்தான் அத்தனை நாள் மனசு வரவில்லை.

அண்ணனுக்கு அது பிந்திப்போயிற்று. கம்பெனி டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல், “பீடியைக் குறை” என்றார். அண்ணன் பீடியே குடிக்காதவர். பெரியாஸ்பத்திரியில் காசநோய் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்; கேட்கவில்லை. கடைசியில் அங்கே ஒரு பெண் டாக்டர்தான், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். நெஞ்சில் கல்தூசி படிந்திருக்கிறது, இனி போகாது என்றார்.

இன்ஜினியருக்குப் பதவி உயர்வு வந்தது. வழியனுப்பு விழாவில் கழுத்து நிறைய மாலையோடு, தொழிலாளர் நலனுக்காகத் தாமே யோசித்துத் தொட்டி வைத்ததாகப் பேசினார். மேஸ்திரிதான் முதலில் கைதட்டினான். நான் எழுந்து திரேஸ்புரத்துக்குப் போய்விட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை. மூச்சு வந்ததும் மனைவியிடம், “ஏளா, இவனுக்குக் காப்பி குடு. நல்ல கூத்துப் பாத்துட்டு வாரான்” என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அவரை அடக்கம் செய்தோம். கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் அங்கேயும் ஏதாவது பேசியிருப்பார்கள்.