சாப்பிடாமல் போன குதிரைக்காரன்

மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு அடுப்பில் வைத்துக் கிண்டும்போது எழும் அந்தப் புளித்த, லேசாகத் தொண்டையைக் கரிக்கிற வாசனை எங்கள் வீட்டுச் சுவர்களிலேயே ஊறிப்போயிருந்தது. படக்கதை என்றால் மற்றவர்களுக்கு எந்த வாசனை நினைவுக்கு வருமோ, எனக்கு அந்தப் பசையின் வாசனைதான் வரும். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் திண்டுக்கல்லில் நான் பார்த்த படக்கதைகள் எல்லாமே, மளிகைக் கடைப் பையாக மாறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒருநாள் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனவை.

அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறையில் அரம் போடுகிற வேலை. அம்மா வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுத்தாள். திங்கட்கிழமைதோறும், வெயில் ஏறுவதற்கு முன்பே, வெங்காயப் பேட்டைக்குப் பக்கத்திலிருந்த ஒரு கடையிலிருந்து பழைய பத்திரிகைக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு வந்துவிடுவாள். வாரப் பத்திரிகை, சிறுவர் பத்திரிகை, பழைய பஞ்சாங்கம், யாரோ பரீட்சை எழுதிய தாள் என்று எல்லாம் அதில் கலந்து கிடக்கும். எடை போட்டுக் கொடுப்பார்கள், பைகளாக எடை போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். பசையின் கனம் சேர்வதால் நாலைந்து தாளை நாம் எடுத்து வைத்துக்கொண்டாலும் தராசு காட்டிக்கொடுக்காது. அம்மா எடுத்து வைக்கிற அந்த நாலைந்து தாளும் எப்போதும் படக்கதைத் தாளாகத்தான் இருக்கும்.

இதில் விசேஷம் என்னவென்றால், அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வேலைக்குப் போய் வளர்ந்தவள், பள்ளிக்கூடத்து வாசலை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் படத்தைப் பார்க்கிறேன் என்று ஒருநாளும் சொல்லமாட்டாள். அப்பா சோறு கேட்டால், "கொஞ்சம் பொறுங்க, இதைப் படிச்சுப்போட்டு வர்றனுங்க" என்பாள். அப்பாவும் சிரிக்காமல் பொறுத்திருப்பார்.

எடுத்து வைத்த தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க, பட்டறையில் கழித்துப் போட்ட பூட்டுகளை மேலே வைப்பாள். ஒருபுறம் நான், மறுபுறம் தம்பி தங்கராசு. அவனுக்கு அப்போது மூன்று வயது. ஒரு தாள் ஒரு பத்திரிகையிலிருந்து வந்திருக்கும், அடுத்த தாள் வேறொன்றிலிருந்து. ஒன்றில் ராஜா காலத்துக் கதை நடக்கும், ஒன்றில் துப்பறிகிறவர் தொப்பி போட்டுக்கொண்டு மோட்டாரில் போவார். அடுத்த வாரம் தொடரும் என்று முடிந்த இடத்திலிருந்து அடுத்த வாரத்துப் பக்கம் ஒருநாளும் வராது, வந்தால் அதற்கு மூன்று மாதம் முந்தைய பக்கம் வரும். எழுத்துத் தெரிந்தவர்களுக்கு இது தலைவலி பிடித்த காரியம். அம்மாவுக்கு இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அத்தனை தாளும் ஒரே கதை.

அந்தக் கதை ஒரு கிழிந்த பக்கத்தில் தொடங்கியது. வாலிபன் ஒருவன் குதிரையில் ஏறிக் கடிவாளத்தைப் பிடித்திருப்பான். அவனுக்குப் பின்னால், ஒரு வீட்டு வாசலில், வயதான பெண் ஒருத்தி கையில் பாத்திரத்தோடு நிற்பாள். "பாரு கண்ணு, பெத்தவ சோத்தைக் கொண்டாந்து நீட்டறா, இவன் திங்காமப் போறான்" என்று அம்மா முதன்முதலில் சொன்னபோது அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவள் அந்தக் "குதிரைக்காரப் பையனை"த் தேடினாள். வேறொரு கதையில் தாடிக்காரன் ஒருவன் வந்தால், காடு மலையெல்லாம் அலைகிறவனுக்குச் சவரம் பண்ண நேரம் ஏது என்பாள். தொப்பி போட்ட துப்பறிகிறவர் வந்தால், "பட்டணத்துக்கு வந்துட்டான் பாரு, உடுப்பை மாத்திப்போட்டான்" என்பாள். புலியோடு சண்டை போட்டவன், கப்பலில் கட்டிவைக்கப்பட்டவன், சிறைக் கம்பிக்குப் பின்னால் நின்றவன், எல்லாம் அவனேதான். நாங்கள் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. அவன் எப்படியும் வீட்டுக்குத் திரும்பி அந்தச் சோற்றைச் சாப்பிடவேண்டும், அந்தப் பக்கம் என்றாவது ஒருநாள் பத்திரிகைக் கட்டுக்குள் வந்தே தீரும் என்று அம்மா நம்பினாள். கட்டை அவிழ்க்கும்போதே, "இன்னிக்கு வந்திருப்பான்" என்பாள். வரவில்லையென்றால், இருக்கிற பக்கங்களை மறுபடி இரும்புப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திவிட்டு, மற்றத் தாள்களைக் கால்வீசைப் பைக்கும் அரைவீசைப் பைக்குமாக மடிக்க உட்கார்ந்துவிடுவாள்.

இப்படி ஏறக்குறைய இரண்டு வருடம் போயிற்று. நான் மூன்றாம் வகுப்புக்கு வந்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பது போய், கண்ணில் பட்டதையெல்லாம் கடகடவென்று வாசிக்கிற பருவம் வந்தது. கடைப் பலகை, பேருந்து, தீப்பெட்டி என்று எதையும் விடமாட்டேன், படித்த பெருமை தலைக்கேறிக் கிடந்தேன். ஒரு திங்கட்கிழமை பள்ளி விடுமுறை. அம்மா வழக்கம்போல் தாள்களைப் பரப்பிப் பூட்டுகளை வைத்தாள், தம்பி மடியில் ஏறிக்கொண்டான். முதல் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். நான் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே இருந்த வட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன்.

"அம்மா, அவ அவனோட அம்மா இல்ல" என்றேன். சத்தம் போட்டு வாசித்தும் காட்டினேன். அந்தப் பெண் எதிரி அரசனின் கையாள். பாத்திரத்தில் இருப்பது சோறே இல்லை, பால். அதில் விஷம் கலந்திருக்கிறது, இதைக் குடித்தால் இவன் விடியும்வரை பிழைக்கமாட்டான் என்று அவள் மனதுக்குள் நினைத்துக்கொள்கிறாள். அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. தாடிக்காரன் பெயர் வேறு, துப்பறிகிறவர் பெயர் வேறு, இது பதினாலாவது பகுதி, இது இன்னொரு கதையின் மூன்றாவது பகுதி என்று ஒவ்வொரு தாளாக எடுத்து, பூட்டை நகர்த்தி, தனித்தனிக் குவியலாக வைத்தேன். எனக்கு அது விடுகதையை அவிழ்ப்பதைப்போல ஆனந்தமாக இருந்தது. ஒரே கதை ஒன்பது துண்டுக் கதைகளாகப் போயிற்று, ஒன்றுக்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை.

அம்மா கோபப்படவில்லை. "அப்படியா போட்டிருக்குது?" என்று மட்டும் கேட்டாள். பூட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே, "இத்தன நாளாத் தப்பாப் பார்த்துப்போட்டேன்" என்றாள். அன்று மத்தியானம் நான் வெளியே விளையாடிவிட்டு வந்தபோது, பெட்டிக்குள் இருந்த தாள்களையெல்லாம் எடுத்து மடித்துப் பசை தடவிக்கொண்டிருந்தாள். குதிரையின் முகம் ஒரு அரைவீசைப் பையின் அடியில் மடங்கிப் போவதை நான் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் பூட்டுகள் மூலையிலேயே கிடந்தன. கட்டு வரும், அவிழும், படம் இருக்கிற தாளும் இல்லாத தாளும் ஒன்றுபோலவே அவள் கையில் மடியும். நல்ல படக்கதைப் பக்கம் எதையாவது எடுத்து நீட்டி நானே வாசித்துக் காட்டினால், கையை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வாள், கேட்டு முடித்ததும் "நல்லாருக்குது அம்மிணி" என்பாள், அவ்வளவுதான். ஒருநாள் அப்பா சாப்பிட்டு எழும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவளுக்குன்னு இருந்தது அம்புட்டுத்தான் பாப்பா. அதைப் போய்த் திருத்திட்டியே." அவர் அதட்டியிருந்தால் மறந்திருப்பேன். மெதுவாகச் சொன்னதால் இன்றுவரை காதில் இருக்கிறது.

சரி, வராத அந்தக் கடைசிப் பக்கத்தை நானே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத்தால் வந்த வினை என்பதால் அதில் ஒரு எழுத்துகூட இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். கிழித்த நாட்காட்டித் தாளின் முதுகில், அப்பாவின் பட்டறை எஃகு அளவுகோலை வைத்து நான்கு கட்டம் போட்டேன். படக்கதை வரைவது எவ்வளவு கொடுமையான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் கட்டத்தில் வாலிபனாக இருந்தவன் இரண்டாவது கட்டத்தில் எங்கள் வாத்தியாரைப்போல ஆகிவிட்டான், மூன்றாவதில் அவனுக்கே பெரியப்பா ஆனான். ஒரே ஆள் என்று தெரியவேண்டுமே என்று தலையில் கட்டம் போட்ட துண்டு ஒன்றைக் கட்டிவிட்டேன். குதிரைக்கு மூன்று கால்வரை ஒழுங்காக வந்தது. நான்காவது கால் எங்கே போட்டாலும் நாற்காலியின் காலாகவே தெரிந்தது. அழித்து அழித்துத் தாளே ஓட்டை விழுகிற நிலை வந்ததும், மூன்றோடு விட்டுவிட்டேன். கடைசிக் கட்டத்தில் வாசலில் அவன் தாய் பாத்திரத்தோடு நின்றாள். பத்திரிகைப் படங்களில் பார்த்ததை நினைவில் வைத்து, பாத்திரத்துக்கு மேலே வளைந்து வளைந்து மூன்று கோடுகள் போட்டேன்.

நாலைந்து நாள் பாடுபட்டுப் போட்டதை அம்மாவிடம் நீட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சற்று நேரம் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பி நீட்டி, "என்ன எழுதியிருக்குது? படி கண்ணு" என்றாள்.

"எழுத்து இல்லம்மா. நீயே பாரு."

"எழுத்து இல்லாட்டி எனக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா. கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையைக் கோபமாக மாற்றிக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. வெடுக்கென்று பிடுங்கி, ஒட்டுவதற்காக அடுக்கியிருந்த தாள்களுக்கு நடுவே அதைச் செருகிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது அந்த அடுக்கு முழுவதும் பையாகிக் கடைக்குப் போயிருந்தது. என் படம் எந்த வீட்டுக்குத் துவரம்பருப்பு கொண்டுபோனதோ என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு படம் வரைய நான் பென்சிலை எடுத்ததில்லை.

வளர்ந்து ஆசிரியை ஆனேன். சின்னாளப்பட்டி, காந்திகிராமம் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். பாடப் புத்தகத்துப் படத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையாவது தப்பாக ஒரு கதை சொன்னால் அது முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டேன். இந்தப் பொறுமைக்காக என்னைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. அம்மா போய் இருபது வருடம் ஆகிறது. அவளிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன தை மாதம் தம்பி பேத்தியோடு வீட்டுக்கு வந்திருந்தான். அந்தப் பெண் கைபேசியில் ஏதோ படக்கதையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி என்னிடம் கேட்டான்: "அக்கா, அந்தக் குதிரைக் கதை எந்தப் புத்தகத்துல வந்துச்சு? மதுரையில பழைய புத்தகக் கடையெல்லாம் கேட்டுப் பார்த்துட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. சாப்பிடாமப் போவானே, அந்தக் கதை."

அது ஒரு புத்தகத்திலும் வந்த கதை இல்லை, கிழிசல் தாள்களைச் சேர்த்து அம்மா சொன்னது, அதுவும் பாதியில் நின்றுபோயிற்று, நிறுத்தியவள் நான்தான் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவனுக்குப் புரியவில்லை.

"எங்க நின்னுச்சு? அவன்தான் வீட்டுக்கு வந்துட்டானே" என்றான்.

பிறகு அவன் சொல்லச் சொல்ல நான் கேட்டேன். நான் பள்ளிக்குப் போனதும் அம்மா கதவை ஒருக்களித்துவிட்டு, மூலையில் கிடந்த பூட்டுகளை எடுத்து வந்து அவனை வைத்துக்கொண்டு படிப்பாளாம். நான் வருவதற்குள் அத்தனை தாளையும் ஒட்டிவிடுவாளாம். "அக்காகிட்டச் சொல்லாத சாமி, அது படிச்ச புள்ள, தப்புன்னு சொல்லும்" என்பாளாம்.

"கடைசிப் பக்கம் மட்டும் அச்சு இல்லக்கா, பென்சில்ல போட்ட படம்" என்றான் தம்பி. "நீ பார்த்துடக் கூடாதுன்னு அம்மா படம் உள்பக்கமா இருக்கிற மாதிரிப் பை ஒட்டி, பொரிகடலை போட்டுக் கொடுத்துச்சு. தின்னுட்டுப் பிரிச்சுப் பாருன்னு சொல்லுச்சு. குதிரைக்கு மூணு காலுதான் இருந்துச்சு. ஏம்மான்னு கேட்டேன். அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்த குதிரைல்ல, ஒரு காலை மடக்கிக்கிட்டுக் களைப்பாறுதுன்னு சொல்லுச்சு."

அந்தப் பை என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் இருந்த காகிதம் என்ன ஆகும், எங்கோ போயிற்று என்றான். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது பாத்திரக் கடை இருக்கிறது. காகிதப் பை மறுபடி கடைகளுக்கு வந்துவிட்டது, ஆனால் அது இயந்திரம் ஒட்டியது. உள்ளேயும் வெளியேயும் வெறும் பழுப்பு நிறம், பிரித்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

"அவன் சாப்பிட்டானாமா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டான்" என்றான் தம்பி. "சோறு இன்னும் சூடாத்தான் இருந்துச்சாம்."

பாத்திரத்துக்கு மேலே நான் போட்ட மூன்று வளைந்த கோடுகளை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.