மூன்று கட்டையில் இரண்டு தடவை

எங்கள் காலனியின் இசை விழா மூன்று நாள் நடக்கும். சைனிக்புரியில் எங்கள் தெருக்கோடி மைதானத்தில் ஷாமியானா போட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை மேடை ஏற்றுவோம். ஆறு மணிக்கு மேல் வெளியூர்க் கலைஞர்கள். பிள்ளைகள் பாடினால் பெற்றவர்கள் வருவார்கள், வந்தவர்கள் கச்சேரிக்கும் உட்காருவார்கள் என்பது கமிட்டியின் நம்பிக்கை. தன் பிள்ளை இறங்கியதும் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவது வேறு விஷயம்.

நான் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவள். விழாவில் என் பொறுப்பு எலக்ட்ரானிக் தம்பூரா. பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரி ஒரு பெட்டி. மேடையேறுகிறவர்களின் குரலுக்குத் தக்கபடி குமிழைத் திருகிச் சுருதி வைத்து, மைக்குக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். எண் ஏற ஏறச் சுருதியும் உயரும்.

அந்த வருஷம் என் பெண் ஏழாம் வகுப்பு. வீட்டில் நான் திருநெல்வேலித் தமிழில் கேட்பேன். அவள் தமிழோடு இந்த ஊர்த் தெலுங்கும் ஹிந்தியும் இங்கிலீஷுமாகக் கலந்து பதில் சொல்வாள். கனத்த குரல். போனை அவள் எடுத்தால் அவள் அப்பா என்று நினைத்து “சார்” போட்டுப் பேசுவார்கள். பள்ளிக் கோரஸில் மூன்றாவது வரிசையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒருநாள், தோசை வார்த்துக்கொண்டே விழாவில் பாடப்போகிற பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். தனக்குப் பாட்டே இல்லை என்றாள். அவள் குரல் மட்டும் தனியாகத் தெரிகிறதாம். அதனால் உதட்டை மட்டும் அசைத்தால் போதும் என்று மியூசிக் மிஸ் சொல்லிவிட்டாராம்.

பள்ளிக் கோரஸ்களில் இது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். மேடை நிறைய முப்பது பேர் நிற்க வேண்டும், காதுக்கு இருபத்தேழு பேர் போதும். மிச்ச மூன்று பேர் வாயசைப்பார்கள். ஊருக்கெல்லாம் நடப்பதுதான். என் பெண்ணுக்கு நடந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நாளைக்கே வந்து உங்க மிஸ்ஸப் பாக்கேன்.”

“நக்கோ அம்மா, வேணாம்! நீ வந்தா என்னை லைன்லேர்ந்தே எடுத்துடுவாங்க. நான் ஸ்டேஜ்ல நிக்கணும், அந்தே, அவ்ளோதான்.”

தோசை கருகியது. நான் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் பாடி ஒரு தடவையாவது ஊர் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது.

விழாவின் முதல் நாள், ஆறு மணிக்குப் பாட வேண்டிய சென்னைப் பாடகி மூன்று மணிக்கே மைக் சரிபார்க்க வந்துவிட்டார். வயதான அம்மா. ஆழ்ந்த குரல். “மூணு கட்டை வைம்மா” என்றார். வைத்தேன். நாலு வரி பாடிவிட்டு, திருப்தியாகத் தலையசைத்து டீ குடிக்கப் போனார். அடுத்து என் பெண்ணின் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆறு கட்டை. குமிழைத் திருகுவதுதான் என் வேலை. ஒரே ஒரு வேலை.

பெட்டி மடியில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. சங்கராந்தி முடிந்த வாரத்து வெயில் ஷாமியானாத் துணி வழியாக மஞ்சளாக இறங்கி எல்லார் முகத்திலும் படிந்திருந்தது. நாற்காலி இழுக்கும் சத்தம், யாரோ யாரையோ தெலுங்கில் கூப்பிடுவது, எல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. ரீங்காரம் விரல் வழியாக ஏறி நெஞ்சுக்குள் போயிற்று. நான் தூங்கவில்லை. விழித்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. மைக்கில் பள்ளியின் பெயரைக் கூப்பிட்டதும், பெட்டியை இருந்தபடியே கொண்டுபோய் மேடையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பாட்டின் முதல் வரி தாழ்ந்த ஸ்வரங்களில் ஆரம்பிக்கும். மூன்று கட்டையில் அது பிள்ளைகளுக்கு எட்டாத பள்ளம். இறங்க இறங்கக் குரல்கள் காற்றாகி ஒவ்வொன்றாக நின்றன. மிஸ்ஸின் கை அந்தரத்தில் நின்றது. ஒரே ஒரு குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது அது. சொன்னபடி உதட்டைத்தான் அசைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு தானாக வந்துவிட்டது. முதலில் பயந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே வரியை இரண்டாம் தடவை பாடினாள். அவசரமில்லாத, அகலமான குரல். முன்வரிசையில் டீயோடு உட்கார்ந்திருந்த பாடகி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். மைதானமே மஞ்சள் வெளிச்சத்தில் மெல்ல மிதந்தது. பெற்றதற்கு இது போதும் என்று நினைத்தேன்.

என் தப்பு எனக்குப் புரிந்திருந்தது. கை குமிழ்மேல் இருந்தது. திருகாவிட்டால் என் பெண் பாடுவாள். மற்றப் பிள்ளைகள் இரண்டு மாதம் பாடிப் பழகிவிட்டு வாய் மூடி நிற்பார்கள். அவர்களுடைய அம்மாக்கள் போனை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தார்கள். மிஸ் என் பக்கம் திரும்பி ஆறு விரலைக் காட்டினார்.

திருகினேன். ரீங்காரம் உயர்ந்தது. மூன்றாம் தடவை அந்த வரி இருபத்தேழு குரலில் கிளம்பியது. நன்றாகத்தான் பாடினார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மூன்றாவது வரிசையில் என் பெண் ஒரு எழுத்துப் பிசகாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, தெலுசா? ஸ்டார்ட்டிங்ல கொஞ்ச நேரம் என் வாய்ஸ் கரெக்ட் ஆயிடுச்சு! அப்புறம் மறுபடி போயிடுச்சு.”

அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஒன் கொரல் எப்பவும் சரியாத்தான்டி இருக்கு. பொட்டி மூணு கட்டைல இருந்துச்சு. அதான் ஒனக்கு ஒத்த சுருதி. நாந்தான் ஆறுக்கு மாத்துனேன்.”

இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

“நான் பாடினது உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“கேட்டதுக்கு அப்புறமா மாத்தினே?”