கிணற்றில் இறக்கிய ஒயின்

போன ஞாயிற்றுக்கிழமை முகப்பேரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு அக்கா மகன் வந்தான். கொண்டுவந்த சிவப்பு ஒயினை நேராக ஃப்ரிட்ஜில் வைத்தான். சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைப்பது மகா பாவம் என்று எங்கேயோ படித்திருந்த நான், ஒயினிலேயே குளித்து வளர்ந்தவன் போல அதட்டினேன்.

"மாமா, இது லைட் ஒயின். இந்த வெயிலுக்கு ஜில்லுனுதான் குடிக்கணும்" என்றான்.

ஒரு மணி நேரம் கழித்து டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன். பன்னீர் திராட்சை வாசனை. அதன் பின்னாலேயே ஈரக் கயிற்றின் வாசனை. ஒயினில் கயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. தனிக்கட்டைக்கு யாரும் வீடு தராததால் பட்டறையிலேயே சாக்கு விரித்துப் படுத்திருந்தேன். கடைசியில் மேனாம்பேட்டில் ஏகாம்பரம் என்பவர் ஒற்றை அறையைத் தந்தார். அந்தப் பக்கமெல்லாம் வயலாக இருந்தபோது உழுத குடும்பம். ஒரே நிபந்தனைதான். "குடிச்சன்னு தெரிஞ்சா, அன்னிக்கே காலி பண்ணிக்கினு போய்டணும்." நான் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

பட்டறையில் எனக்குப் பக்கத்து மெஷின் டெரிக், ஆவடிக்காரன். அவன் அம்மா ஈஸ்டருக்கு வீட்டிலேயே ஒயின் போடுவார். கிறிஸ்துமஸ் ஒயின் மாதக்கணக்கில் ஊறும். ஈஸ்டர் ஒயினுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பன்னீர் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரையும் ஒரு கைப்பிடி கோதுமையும் போட்டு, ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டிவைத்து, பத்தே நாளில் வடிகட்டிவிடுவார். நிறத்தில் ரோஸ் மில்க்குக்கு அண்ணன். ருசியில் இன்னும் பழம்தான். போதை அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் டெரிக் எனக்கும் ஒரு ஸ்குவாஷ் பாட்டில் நிறையத் தந்தான். "ஜில்லுனு குடி மச்சான். சூட்ல வெச்சினா வெடிச்சிடும்."

என் அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானத்தில் நானே வெடிக்கிற நிலையில்தான் இருப்பேன். ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது?

அந்த வீட்டுக்கே கிணறுதான் ஃப்ரிட்ஜ். கோடையில் ஏகாம்பரம் தர்பூசணியை வலைப்பையில் போட்டுக் காலையில் கிணற்றில் இறக்குவார். மத்தியானம் சாப்பாடானதும் தூக்குவார். அந்த வார ஞாயிறு அவரும் அவர் மனைவி சரோஜாம்மாவும் மாங்காட்டுக் கோயிலுக்குக் கிளம்பியதும், நானும் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கயிறு கட்டி, அவருடைய கயிற்றுக்குப் பக்கத்திலேயே இறக்கினேன். அவர்கள் திரும்புவதற்குள் தூக்கிவிட வேண்டும். திட்டத்தில் ஒரே ஓட்டை, வயிறு முட்டத் தின்றுவிட்டு நான் தூங்கிப்போனது.

"தம்பி, இங்க வா" என்ற குரலில் எழுந்து ஓடினேன். இரண்டு கயிறும் பின்னிக்கொண்டு தர்பூசணியோடு பாட்டிலும் மேலே வந்திருந்தது.

"இன்னாது இது?"

என் மூளைக்கு முன்னால் வாய் ஓடிவிட்டது. "டானிக்ண்ணே." ரத்தம் ஊற டாக்டர் கொடுத்தது, குளிர்ச்சியாக வைக்கச் சொன்னார், ஆறு வேளை, இல்லை, மூன்று வேளை என்று அவர் கேட்காததற்கெல்லாம் பதில் சொன்னேன்.

ஏகாம்பரம் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "எங்க ஊட்லயும் ரத்தம் கம்மினுதான் டாக்டர் சொல்லிகினு கீறாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்து டம்ளர் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அறை போச்சு. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை தவறாமல் விரதமிருக்கும் அம்மாள் என்னால் ஒயின் குடிப்பாள். இது ஆம்பிளை டானிக் என்று முனகிப் பார்த்தேன். யாரும் மதிக்கவில்லை. சரோஜாம்மா ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். மிச்சத்தையும் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் ஊற்றச் சொன்னாள். வயசாகிறது என்று சொல்லி ஏகாம்பரமும் அரை டம்ளர் வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் கிணற்றடி நிழலில் உட்கார்ந்து தர்பூசணி தின்றோம். அவர்கள் நிம்மதியாக விதை துப்பினார்கள். நான் விழுங்கினேன்.

அறைக்குப் போய்ப் பெட்டி கட்டினேன். கட்ட இருந்தது இரண்டு லுங்கியும் ஒரு ஸ்டவ்வும்தான்.

மறுநாள் காலை தண்ணீர் சேந்த வந்த சரோஜாம்மா குரலைத் தாழ்த்தினாள். "டானிக்னா கசக்கும்பா. நீ ஒண்ணியும் பயப்படாத. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத, ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

சாயங்காலம் ஏகாம்பரம் தெருமுனையில் என் சைக்கிளை நிறுத்தினார். "அது இன்னானு எனக்குத் தெரியும். இருந்துக்க. அவகிட்ட மட்டும் சொல்லாத. சாமி கும்புட்றவ, மனசு கஷ்டப்படுவா."

பெட்டியைப் பிரித்தேன். அதன் பிறகு மூன்று கோடையும் ஈஸ்டர் முடிந்ததும் கிணற்றில் டானிக் இறங்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டே ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்கள்.

டெரிக்கின் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது, ஜாடி என்ன ஆனதோ. ஏகாம்பரமும் சரோஜாம்மாவும் கடைசிவரை வாய் திறக்காமல் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த இடத்தில் இப்போது நாலு மாடி ஃப்ளாட். கிணற்றை மூடிய இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

"எப்டி மாமா கீது?" என்றான் அக்கா மகன், வேண்டுமென்றே என் பட்டறைத் தமிழில்.

"டானிக் மாதிரி இருக்குடா."

முகம் வாடிவிட்டது அவனுக்கு. "அவ்ளோ கசப்பா?" என்றான்.