கேப்டனின் உடை கொக்கியில் இருந்தது

என் அக்காவின் கணவர் காணாமல் போய் ஆறு ஆண்டுகள் ஆன பிறகு அவள் ஒரு விண்வெளித் தொடரைப் பார்க்கத் தொடங்கினாள். வெளிநாட்டுத் தொடர், தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். மகள் பார்ப்பதைச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்ததில் ஆரம்பித்து, நான்கு சீசனையும் இரண்டு முறை பார்த்து முடித்துவிட்டாள்.

கதை இவ்வளவுதான். ஒரு விண்கலத்தில் ஒன்பது பேர் போகிறார்கள். முதல் சீசனின் கடைசியில் கேப்டனாக இருக்கும் பெண் காணாமல் போகிறாள். கலத்துக்குள் எங்கும் இல்லை. வெளியே போகும் கதவு திறந்ததாகப் பதிவு இல்லை. வெளியே போனால் அணிய வேண்டிய உடை கொக்கியிலேயே தொங்குகிறது. மற்ற எட்டுப் பேரும் தேடுகிறார்கள். பிறகு தேடுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். கேப்டன் என்ன ஆனாள் என்று சொல்லாமலேயே தொடர் முடிந்துவிடுகிறது.

இதைப் பற்றிப் பேசுவதற்கென்றே இணையத்தில் ஒரு தமிழ்க் குழு இருக்கிறது. ஆளுக்கொரு விளக்கம். கேப்டன் வேறொரு காலத்துக்குப் போய்விட்டாள் என்றான் ஒருவன். எட்டுப் பேரில் ஒருவன் அவளைக் கொன்றுவிட்டுக் கதவின் பதிவை அழித்துவிட்டான் என்றான் இன்னொருவன். அந்த விளக்கத்துக்குத்தான் ஆதரவு அதிகம். அக்காவின் விளக்கத்தை மகள் தட்டச்சு செய்து போட்டாள்: கேப்டன் எங்கும் போகவில்லை, கலத்தின் கணினிக்குள் இருக்கிறாள். இரண்டாவது சீசனிலிருந்து கணினி பேசுகிற குரல் கேப்டனின் குரல்.

"நல்லா கேட்டுப் பாருடா," என்றாள் அக்கா என்னிடம். "அந்த இழுப்பு, பேசி முடிச்சிட்டு மூச்சு வுடறது, எல்லாம் அந்தம்மாது தான். கூடவே இருந்துக்கினு வழி சொல்லுது. இந்த எட்டு தத்திங்களுக்குத் தான் புரியல."

நான் விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். ஒரு தகவல் வந்தால் சரிபார்க்காமல் இருக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அதே தொடரை மூல மொழியில் மாற்றிப் போட்டுக் கேட்டேன். கேப்டன் ஒரு பெண், கணினி வேறொரு பெண். இரண்டு குரல்களுக்கும் ஒட்டுறவே இல்லை. தமிழில் மட்டும் ஒரே பெண்ணை வைத்து இரண்டையும் பேச வைத்திருந்தார்கள்.

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் தொடர் அல்ல.

அத்தான் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டியவர். அறுவடைக் காலத்தில் கிளம்பினால் காணை, கோலியனூர் என்று இயந்திரம் போகிற ஊருக்கெல்லாம் போவார். பத்துப் பதினைந்து நாள் திண்டிவனத்தில் இருக்கும் வீட்டுக்கு வர மாட்டார். சார்ஜ் ஏற்ற இடமில்லாமல் கைபேசி அணைந்தே கிடக்கும். அது அந்த வீட்டின் வழக்கம். அதனால் அவர் போன அன்றோ, அடுத்த வாரமோ யாரும் கவலைப்படவில்லை. அவர் இயந்திரத்தில் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்று இயந்திரத்தின் உரிமையாளர் நினைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் அவர் அக்காவுக்குப் போன் செய்து, "இன்னாம்மா, தேவலயா அவருக்கு?" என்று கேட்டபோதுதான் இரண்டு பக்கமும் உண்மை தெரிந்தது.

பைக் திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டிய வண்டி நிறுத்துமிடத்தில் பூட்டியபடி நின்றது. கைப்பிடியில் ஹெல்மெட் தொங்கியது. இரண்டின் மேலும் ஒரே அளவு தூசி. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். 'காணவில்லை' அறிவிப்பை நானே எழுதினேன்: உயரம், நிறம், கடைசியாக அணிந்திருந்த சட்டை. அதுபோல எத்தனையோ அறிவிப்புகளைத் திருத்தியிருக்கிறேன். அதில் மட்டும் சட்டையின் நிறத்தை இரண்டு முறை மாற்றினேன்.

எவர் கேட்டாலும் அக்கா "வந்துடுவாரு" என்பாள். பொட்டையும் தாலியையும் எடுக்கவில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிற, விஷயம் தெரிந்த பெண்கள் அவற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

ஏழாவது ஆண்டில் மகளுக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கண்டமங்கலம். மாப்பிள்ளையின் அப்பா தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருபவர், நிதானமான மனிதர். அழைப்பிதழை மெய்ப்புத் திருத்திக் கொடுக்கும் வேலை என்னுடையது. பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்ற இடத்தில் வேலை நின்றது. உயிரோடு இருப்பவருக்குத் 'திரு'. இறந்தவருக்குத் 'தெய்வத்திரு'. மூன்றாவதாக ஒன்றும் எந்த அச்சகத்திலும் இல்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஒருநாள் காலையில் நேரில் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தியம்மா. திருன்னு போட்டா, மண்டபத்துல வர்றவங்க எல்லாம் பொண்ணோட அப்பா எங்கன்னு கேட்டுக்கினே இருப்பாங்க. உங்களுக்குத் தான் பேஜாரு. தெய்வத்திருன்னு போட்டுட்டா பேச்சே இல்ல. ஏழு வருஷம் ஆச்சின்னா சட்டமே ஒத்துக்குதுங்களே."

"யோசிச்சி சொல்றேங்க," என்றாள் அக்கா.

அவர் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "நீயும் அதான் சொல்றியா?"

"ஆமாக்கா. இன்னும் எத்தினி நாளு இப்படியே இருப்ப?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ நம்பறதெல்லாம் அந்தக் கேப்டன் குரல் மாதிரிதான்க்கா. இங்கிலீஷ்ல போட்டுப் பாத்தேன். ரெண்டும் வேற வேற ஆளு. தமிழ்ல ஒருத்தியே ரெண்டையும் பேசியிருக்கா."

மகள் கூடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அக்கா கழுவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்டா. போன வருஷமே பாப்பா போட்டுக் காட்டிச்சி. குழுவுல ஒருத்தன், 'ஆன்ட்டி, டப்பிங்க பாத்து ஏமாந்துட்டீங்க'ன்னு சிரிச்சி வேற வெச்சிருந்தான்."

"அப்பறம் இன்னா?"

"நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சிபோச்சி. அதனால மத்தவன் சொன்னது சரின்னு ஆயிடுமா? கொன்னுட்டான்னு சொல்றானே, அவன் பொணத்தப் பாத்தானா?" டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "நீ பாத்தியா?"

செய்திப் பிரிவில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏரியில் குளிக்கப் போனவரைக் காணவில்லை என்று ஊரிலிருந்து நிருபர் போன் செய்வார். "ஆளு போய்ட்டாரு சார், செத்துட்டாருன்னே எழுதிக்குங்க" என்பார். உடல் கிடைத்ததா, யார் உறுதி செய்தார்கள் என்று கேட்பேன். மருத்துவரோ காவல்துறையோ சொல்லாத வரை 'இறந்தார்' என்ற சொல்லை என் பக்கத்தில் விட்டதில்லை. அச்சு நேரம் நெருங்கினாலும் விட்டதில்லை. சட்டமும், ஏழு ஆண்டுகள் கழிந்தால் இறந்ததாகக் கருதலாம் என்றுதான் சொல்கிறது. அத்தான் விஷயத்தில் அந்தச் சொல்லை முதல் ஆண்டிலேயே மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். ஆதாரம் எதுவும் வந்து எழுதியதல்ல. காத்திருப்பது களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். கொலை என்று சொன்ன குழுக்காரனிடம் இருந்த அளவுக்குத்தான் என்னிடமும் தகவல் இருந்தது. அவள் விளக்கத்தைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்தேன். என்னுடையதைச் சரிபார்க்க நினைக்கவே இல்லை.

மெய்ப்புத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அத்தான் பெயர் இருந்த வரியை அடித்தேன். அழைப்பவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை மட்டும் விட்டேன். மகளின் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதல் எழுத்து எப்போதும்போல இருந்தது. அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தாள்.

"சம்மந்திக்குப் போன் போடு."

ஒலிபெருக்கியில் போட்டேன். விவரம் சொன்னேன்.

"அப்ப அப்பா பேரே இல்லீங்களா?" என்றார் அவர்.

"இனிஷியல்ல இருக்குதுங்க," என்றாள் அக்கா.

"அது சரிங்க. எங்க சொந்தக்காரங்க வந்து கேட்டா நான் இன்னாங்க சொல்றது?"

வழக்கம்போல 'வந்துடுவாரு' என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். மகளும் அதைத்தான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலன்னு சொல்லுங்க சம்மந்தி," என்றாள் அக்கா. "எனக்கும் அவ்ளோ தான் தெரியும்."

மறுமுனையில் பேருந்தின் ஹாரன் கேட்டது. அவர் புதுச்சேரிக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

"சரிங்க," என்றார். "நானும் அப்படியே சொல்லிக்கிறேன். அச்சுக்குக் குடுத்துடுங்க."