பன்னிரண்டு டிகிரிக்கு இறங்காத மவுண்ட்

மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இது விதி. அரசுப் பணியில் இருந்தவரை இதைப் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். நடந்து பார்த்ததில்லை. அந்த அனுபவத்தை நம்பித்தான் கல்வராயன் மலையில் ஒரு குடும்பத்துக்கு விளக்கு கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்றபின் எனக்குப் பிடித்த பைத்தியம் வானத்தைப் படம் எடுப்பது. கள்ளக்குறிச்சியில் என் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் நட்சத்திரங்களைவிட ஜவுளிக்கடை விளக்குகள் நன்றாகத் தெரியும். மலையில் அந்தக் குடும்பத்தின் சாமைக் காடு அறுப்பு முடிந்து வெறுமனே கிடந்தது. பங்குனி அமாவாசையை ஒட்டிய விடியற்காலைகளில் அங்கே பால்வழியின் நடுப்பகுதி தெற்கே எழுந்து நிற்கும். சுற்றிலும் ஒரு பல்பு கிடையாது. அதை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

பல்பு கிடையாது என்பதுதான் அந்த வீட்டு அம்மாவின் குறையும்.

"இருட்டுல மிதிச்சப்புறம்தான் சார் பாம்புன்னே தெரியுது. உங்களுக்குத்தான் எல்லா ஆபீசும் தெரியுமே, ஒண்ணு எழுதிக் குடுங்க."

எழுதினேன். பொருள், பார்வை, இணைப்பு என்று ஒன்றும் பிசகாமல். எப்படியும் நான்கைந்து ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, சாவகாசமாக மவுண்ட் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன்.

மவுண்ட் என்பது கேமராவைத் தாங்கிக்கொண்டு, வானம் நகரும் வேகத்துக்கு மெல்லத் திரும்பும் கருவி. அது இல்லாவிட்டால் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக விழும். என்னிடம் ஏற்கெனவே இருந்ததை அதன் எதிர் எடைகளோடு மலைப் பேருந்தில் ஏற்றினால், கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கேட்பார். என் முழங்கால் தனி டாக்டர் கேட்கும்.

முறைப்படி மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்தேன். முதலாவது, இருந்ததைவிடக் கனம். இரண்டாவது எதிர் எடையே வேண்டாத நவீனம். மிச்சமான எடையைப் பேட்டரியாகச் சுமக்கச் சொன்னது. மூன்றாவது தோள்பையில் அடங்கும் குட்டி. ஆனால் மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து பன்னிரண்டு டிகிரி உயரத்தில், வாசலில் தயங்கும் விருந்தாளி மாதிரி நிற்கும். குட்டியோ இருபது டிகிரிக்குக் கீழே இறங்காது என்றது அதன் குறிப்பேடு. செய்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள், அதற்குத் தெற்கே யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

பன்னிரண்டுக்கு இறங்க வழி உண்டா என்று குட்டியின் விற்பனையாளருக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு ஒன்று. நினைவூட்டு இரண்டு.

அடுத்த தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் என் கோப்பைப் புரட்டினார். "இன்னா சார், ஒரு ஸ்டாண்டு வாங்க டெண்டர் வுட்டுக்கினு கீறீங்க?"

"எழுத்துப்பூர்வமா பதில் வரட்டும் பாய்."

"வரும், வரும். அதுக்குள்ள நட்சத்திரமும் ரிட்டயர்டு ஆயிடும்."

பதில் வரவில்லை. மலையிலிருந்து போன் வந்தது. "சார், உங்க மனுவுக்குக் கம்பம் வந்துட்சி!"

மனு போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஒரு லைட்டு கேட்டா ஆறு லைட்டு வெச்ச ஹைமாஸ் கம்பம் நட்டுட்டாங்க சார். அமாவாசை போயி மூணாம் நாளு எரியுமாம். மலையே பகலாட்டம் ஆயிடுமாம்!"

வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த மனு அதுதான் என்று அப்போது புரிந்தது. எனக்கு மிச்சமிருந்தது ஒரு வாரம்.

"பாய், அந்தக் குட்டியை வரவழைச்சிடுங்க."

"பதிலு?"

"கிடக்கட்டும்."

பாய் தன் கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் வண்டியிலேயே, சென்னையில் வேறொரு கடையிலிருந்து அதை வரவழைத்தார்.

அமாவாசைக்கு முந்தைய மாலையே மலைக்குப் போய், விடியுமுன் எழுந்து சாமைக் காட்டில் மவுண்டின் முக்காலியை ஊன்றினேன். குறிப்பேட்டின் முதல் விதிப்படி மட்டம் காட்டும் குமிழை அதன் வட்டத்தின் நடுவில் நிறுத்தினேன். அச்சு இருபதில் முட்டிக்கொண்டு நின்றது. நட்சத்திரம் எட்டு டிகிரி கீழே இருந்தது. வேறு வழி தெரியாமல் குமிழை மறுபடி சரிபார்த்தேன். மிகச் சரியாக இருந்தது.

அந்த அம்மா வரக்காப்பியோடு வந்தார். "இன்னும் கீழ சாயணுமா சார்? வடக்கால கீற காலைக் கொஞ்சம் சுருக்கிடுங்களேன்."

"குமிழ் நடுவுல இருக்கணும்மா. புத்தகத்துல போட்டிருக்கு."

"நீங்க இன்னா, குமிழியையா படம் புடிக்க வந்தீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே பூட்டைத் தளர்த்தி, வடக்குக் காலை அரைச் சாண் சுருக்கினார். கவிழாமலிருக்க நடுவில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். குமிழ் ஓடிப்போய் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. துருவ நட்சத்திரம் பார்வைக் குழாய்க்குள் வந்து நின்றது.

கிழக்கு வெளுப்பதற்குள் படம் கிடைத்துவிட்டது. நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாகவே விழுந்திருக்கின்றன. இடது ஓரத்தில் எரியாத விளக்குக் கம்பம் கறுப்பாக நிற்கிறது. அதை வெட்டவில்லை.

மூன்றாம் நாள் மாலை விளக்கு எரிந்தது. மனு எழுதியவர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேலே பார்த்தேன், தேடினால் நாலைந்து நட்சத்திரம் அகப்படும். முறைப்படி கைதட்டினேன். அந்த அம்மா தரையைப் பார்க்காமலே பேசிக்கொண்டு வீட்டுக்கு நடந்ததைக் கண்டபின், கொஞ்சம் மனமாரவும் தட்டினேன்.

விற்பனையாளர் பிற்பாடு பதில் அனுப்பினார். என் மூன்று கடிதங்களும் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டனவாம். மேற்படி மவுண்டைக் கொண்டு என் ஊரிலிருந்து படம் எடுக்க இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்திருந்தார். கோப்பில் அந்தப் படத்துக்கு மேலேயே கடிதத்தை வைத்துக் கட்டி, வரப்பெற்ற நாளைக் குறித்தேன்: ஜூலை 9.